எண்கள் எல்லாம் பொருந்திய ஒரு 1851 நேவி ரிவால்வர்: வாங்குவதற்கு முன் நடந்த ஆய்வு

பின்னணி

பழைய ரிவால்வர்களைப் பல ஆண்டுகள் சேகரித்து வந்த ஒருவர் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பு மகளிடம் வந்தது. அவருக்கு ஆயுதங்களில் ஈடுபாடு கிடையாது. ஆனால் அப்பா எவ்வளவு ஆசையாகச் சேர்த்தார் என்று பார்த்து வளர்ந்தவர், அதனால் மதிப்புத் தெரிந்த ஒருவர் கைக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்தார். அப்பாவின் நண்பர் ஒருவர், அவரும் சேகரிப்பாளர், அதில் ஒரு துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொள்ள முன்வந்தார். எல்லோருக்கும் தெரிந்த துப்பாக்கிதான் அது: அப்பாவின் குறிப்பேட்டில் "நேவி, ஸ்குயர்பேக், இரண்டாம் மாடல்" என்று எழுதப்பட்டு, தனிப் பெட்டியில் வைக்கப்பட்டிருந்த கோல்ட் 1851 நேவி. வாங்க நினைத்தவர் என்னையும் உடன் அழைத்தார். இரண்டு தரப்புக்கும் சம்மதம் என்பதால் பார்த்ததை எல்லாம் எழுதி, படம் எடுத்து வைத்தோம். பெயர்களையும் ஊரையும் மட்டும் இங்கே விட்டுவிடுகிறேன்.

ஸ்குயர்பேக் என்றால் ஏன் இவ்வளவு பரபரப்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கரின் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலை 1850 முதல் 1873 வரை ஏறத்தாழ 2,15,000 நேவி ரிவால்வர்களைச் செய்தது. .36 காலிபர், ஆறு அறை, கருமருந்தும் ஈயக் குண்டும் முன்பக்கமாக நிரப்பி, பின்னால் ஒவ்வோர் அறையின் நிப்பிள் என்ற சிறு குழாய் மீதும், அடிபட்டதும் தீப்பொறி தருகிற கேப் என்ற சின்ன மூடியைப் பொருத்திச் சுடுகிற வகை. இத்தனை லட்சத்தில் ஏறக்குறைய முதல் 4,200 துப்பாக்கிகளில் மட்டும்தான் விசையைச் சுற்றியுள்ள பித்தளைக் காப்பின் பின்பக்கம் சதுரமாக இருக்கும். அதற்குப் பிறகு சிறிய வட்டக் காப்பு, 85,000 எண் வாக்கிலிருந்து பெரிய வட்டக் காப்பு. ஆக ஒரு பித்தளைத் துண்டின் வடிவம்தான் சாதாரண நேவியையும் அரிய நேவியையும் பிரிக்கிறது, விலையும் பல மடங்கு மாறிவிடுகிறது. பித்தளைத் துண்டை மாற்றுவதோ ஒரு திருப்புளியும் கொஞ்சம் அரவேலையும் தெரிந்தவருக்குப் பெரிய வேலையில்லை.

சட்டமும் பாதுகாப்பும்

முதலில் சட்டம். பழங்காலத் துப்பாக்கிக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விதி இல்லை. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்டதைப் பழம்பொருளாகக் கருதுகிறது, வேறு சில நாடுகளில் எத்தனை பழையதானாலும் உரிமம் வேண்டும். இறந்தவரின் ஆவணங்கள் ஒழுங்காக இருக்கின்றனவா, வாரிசு பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும், விற்க அனுமதி உண்டா என்பதையெல்லாம் விலைப் பேச்சுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னோம். அந்தப் பதில் வரும்வரை துப்பாக்கிகள் வீட்டை விட்டு வெளியே போகவில்லை.

இரண்டாவது, ஒவ்வொன்றிலும் குண்டு நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது. நூற்றைம்பது வருடத் துப்பாக்கியில் என்ன இருக்கப் போகிறது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு இதில் கொஞ்சமும் சமரசம் கிடையாது. வெடியுப்பு, கரி, கந்தகம் கலந்த கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் காலத்தால் செத்துப் போவதில்லை. குழல் வழியாகக் குச்சி விட்டுப் பார்த்தாலும் அதற்கு நேராக நிற்கிற ஓர் அறையைப் பற்றித்தான் தெரியும், மற்ற ஐந்தும் தெரியாது. அதனால் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மெல்லிய மரக்குச்சியை விட்டு ஆழத்தை அளந்து, வெளி நீளத்தோடு ஒப்பிட்டோம்.

ஸ்குயர்பேக் காலியாக இருந்தது. ஆனால் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் துணி சுற்றிக் கிடந்த இன்னொரு நேவியில், பெரிய வட்டக் காப்பு வைத்த, பார்க்க மிகச் சாதாரணமான ஒன்றில், இரண்டு அறைகள் ஆழம் குறைந்து நின்றன. முன்பக்கத்தில் அழுக்கு அடைத்துக் கிடந்ததால் ஈயம் வெளியே தெரியவே இல்லை. எத்தனை கை மாறி வந்ததோ, அத்தனை பேரும் நிரம்பிய துப்பாக்கியைத்தான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் அதைத் தொடாமல் நிறுத்திவிட்டு, இந்த வகையில் பயிற்சி உள்ள துப்பாக்கித் தொழிலாளர் ஒருவரை வரவழைத்தோம், சூடோ நெருப்போ இல்லாமல் அவர் நிரப்பை வெளியே எடுத்தார். அப்புறம்தான் மற்ற வேலை தொடங்கியது.

இதற்கிடையில் மகள், விற்பதற்கு முன் பித்தளையைப் பளபளவென்று தேய்த்து வைக்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றோம். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

பார்த்தவை

கோல்ட் நேவியின் நடுவில் உள்ள ஆப்பை மெதுவாகத் தட்டி எடுத்தால் குழல், உருளை, சட்டகம் என்று மூன்றாகப் பிரிந்துவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கியின் பாகங்களையும் ஒன்றோடொன்று கையால் இழைத்துப் பொருத்தினார்கள், கலந்துவிடாமல் இருக்க ஒரே வரிசை எண்ணைக் குழலின் அடி, சட்டகம், விசைக்காப்பு, பிடியின் அடிப்பட்டை, உருளை, ஆப்பு, உருளை சுழலும் அச்சு என்று பல இடங்களில் அடித்தார்கள், மரப்பிடியின் உட்புறத்தில் மையால் எழுதினார்கள். சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்கள் எல்லாம் ஒன்றா என்பதைத்தான்.

இதில் வெளியே தெரிகிற எண்கள் எல்லாமே ஒன்றாகத்தான் இருந்தன. மூவாயிரத்துச் சொச்சம், அதாவது 1850–51 வாக்கில் செய்தது, சதுரக் காப்புக்குச் சரியாகப் பொருந்துகிற எண். குறிப்பேட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். வாங்க நினைத்தவருக்கு அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது, நியாயம்தான்.

எனக்கு முதல் உறுத்தல் குழலின் மேல்பட்டையில் வந்தது. நேவியின் குழல் எண்கோணம். கையிலும் உறையிலும் பல வருடம் உரசிய குழலில் எல்லா விளிம்பும் ஓரளவு ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், வாய்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. இங்கே பக்கத்துப் பட்டைகளின் விளிம்பு கூர்மையாக இருக்க, கோல்ட்டின் முகவரி பொறித்திருந்த மேல்பட்டை மட்டும் நடுவில் லேசாகக் குழிந்திருந்தது. அந்த இடத்தை மட்டும் யாரோ தேய்த்திருக்கிறார்கள். டார்ச்சைப் பட்டையோடு ஒட்டினாற்போல் சாய்த்து அடித்துப் பார்த்தபோது வரியின் கடைசி எழுத்துகள் மேலெழும்பி வந்தன, அவை "யு.எஸ். அமெரிக்கா".

இது போதும் என்று சொல்லலாம். ஏறத்தாழ 74,000 எண் வரை வந்த நேவிகளில் "அட்ரஸ் சாம்ல் கோல்ட் நியூயார்க் சிட்டி" என்று இருக்கும், பிறகு கொஞ்ச காலம் ஹார்ட்ஃபோர்டு முகவரி, 1,01,000 வாக்கிலிருந்துதான் கடைசியில் "நியூயார்க் யு.எஸ். அமெரிக்கா" என்று முடியும் வரி வருகிறது. மூவாயிரத்தில் பிறந்த துப்பாக்கியின் குழலில் பத்து வருடம் கழித்து வந்த முகவரி இருக்க வழியில்லை. குழல் மட்டும் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மாற்றிய குழலில் வேறு எண் அல்லவா இருக்க வேண்டும்? இதில் அதே மூவாயிரத்து எண் இருந்தது.

அப்போதிருந்து பார்வை மாறிவிட்டது. எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதை விட்டு, ஒத்துப்போகும்படி செய்யப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க ஆரம்பித்தோம். குழலின் அடியும் சட்டகமும் சந்திக்கிற இடத்தில் இரண்டு பரப்பும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், தொழிற்சாலை அவற்றைச் சேர்த்து வைத்தே மெருகேற்றியது. இங்கே விரல் நகத்தை ஓட்டினால் ஒரு சின்னப் படி தட்டியது. எண் இருந்த இடங்கள் இரண்டிலும் உலோகம் அரைக்கப்பட்டு, இரண்டும் வெவ்வேறு அளவு தாழ்ந்து போயிருந்தன. சட்டகத்தில் புதிய எண்ணுக்கு அடியில் பழைய இலக்கம் ஒன்றின் வால் லென்ஸில் தெரிந்தது.

விசைக்காப்பைக் கழற்றியது அடுத்தது. கோல்ட் நேவியின் பித்தளைப் பட்டைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளி முலாம் உண்டு. வெளியே தேய்ந்து போனாலும் மூலைகளிலும் மரத்துக்கு ஒட்டிய இடுக்குகளிலும் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்பட்டையின் மூலையில் அது இருந்தது, சதுரக் காப்பில் எந்த இடுக்கிலும் ஒரு துளி இல்லை. பித்தளையின் நிறமும் அழுக்குக்கு அடியில் வேறாக இருந்தது, சட்டகத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய காகிதம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. மகள் ஆசைப்பட்டபடி பித்தளையைத் தேய்த்திருந்தால் இந்த வெள்ளிச் சாட்சி அன்றே போயிருக்கும்.

உருளையின் கதை தனி. அந்தக் காலத்துக் கேப்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்த பிறகு ஈரத்தை இழுக்கிற உப்பாக மிஞ்சும், பாதரசக் கலவையும் உண்டு. அதனால் சுடப்பட்ட துப்பாக்கியில் நிப்பிள்களைச் சுற்றியும், அதற்கு எதிரே சட்டகத்தின் வட்ட முகத்திலும் துரு அரித்த குழிகள் சோடி சோடியாக இருக்கும். இதில் சட்டகத்தின் முகம் முழுக்க ஆழமான குழிகள், எதிரே உருளையின் பின்பக்கமோ வழவழவென்று இருந்தது. இரண்டும் சேர்ந்து வாழ்ந்தவை இல்லை. நிப்பிள் ஒன்றைக் கழற்றிப் பார்த்தபோது மரையும் மில்லிமீட்டர் அளவில் வந்தது. கோல்ட்டின் மரைகள் அங்குல அளவு. 1950களின் கடைசியிலிருந்து இத்தாலியில் செய்யப்படும் நகல் துப்பாக்கிகளில்தான் இந்த மில்லிமீட்டர் மரை வழக்கம். உருளையில் உருட்டிப் பதித்த கடற்போர்க் காட்சி (1843 மே 16, டெக்சாஸ் கப்பற்படை மெக்சிகோவோடு மோதிய சண்டை, ஆர்ம்ஸ்பி என்ற செதுக்கர் செய்தது) அங்கங்கே மட்டும் தெரியும்படி ஒரே சீராகத் தேய்க்கப்பட்டிருந்தது. கைபட்டுத் தேய்ந்தால் இப்படிச் சீராகத் தேயாது.

கடைசியில் உள்ளே மறைந்திருந்த இரண்டு எண்கள். உருளையின் அச்சில் அடித்திருந்த இலக்கங்களை யாரும் தொடவில்லை. மரப்பிடியைக் கழற்றி உட்புறத்தில் சாய்வாக வெளிச்சம் அடித்தபோது மங்கிய மையில் ஆறு இலக்க எண் தெரிந்தது, அதன் கடைசி இலக்கங்கள் அச்சோடு பொருந்தின. 1,20,000ஐத் தாண்டிய எண். சட்டகமும் பிடியும் 1860களின் தொடக்கத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் செய்த பெரிய வட்டக் காப்பு நேவியைச் சேர்ந்தவை.

ஆப்பில் இன்னொரு எண் இருந்தது, எதனோடும் சேராதது. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஆப்புகள் தொலைவது சகஜம். படைவீரர்களும் பட்டறைக்காரர்களும் அந்தக் காலத்திலேயே கிடைத்த பாகத்தை மாட்டிப் பயன்படுத்தியிருக்கிறார்கள், எண் பொருந்தாத ஒரு பாகம் இருப்பதாலேயே அதை மோசடி என்று சொல்வது அநியாயம். பழைய எண்ணை அரைத்துப் புது எண் அடிப்பது அப்படியல்ல, அதற்குப் பழுதுபார்ப்பு என்று காரணம் சொல்லவே முடியாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அன்று விலை பேசுவதில்லை என்பது. பார்த்ததை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று தோன்றியது. கேப் வைத்துச் சுடுகிற கோல்ட் ரிவால்வர்களிலேயே பழகிய ஒருவரிடம் நாங்கள் கண்டதைச் சொல்லாமல் துப்பாக்கியை மட்டும் காட்டினோம். முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவருடைய கண்ணும் நாங்கள் காட்டிய இடத்துக்குத்தான் போயிருக்கும். அவர் எங்களிடமிருந்து வேறு வழியில், எண்களை அடிக்கிற முத்திரைகளின் உயரத்திலிருந்து தொடங்கினார். உருளையில் உள்ள இலக்கங்களும் குழலில் உள்ளவையும் ஒரே கையால், ஒரே முத்திரையால் அடிக்கப்பட்டவை, தொழிற்சாலை இரண்டுக்கும் வேறு அளவு முத்திரைகளைப் பயன்படுத்தியது என்றார். முடிவு ஒன்றுதான்.

இரண்டாவது முடிவு கடினமானது: மகளிடம் சொல்வதா, பேசாமல் விலகுவதா. வாங்க நினைத்தவருக்கு விலகிவிடத்தான் முதலில் தோன்றியது. இறந்து போன நண்பரின் பெருமையைக் குலைப்பானேன் என்று அவருக்கு வருத்தம். ஆனால் பேசாமல் போனால் அடுத்து வருகிறவர் அதே எண்ணை நம்பி அதே விலையைக் கொடுப்பார், ஒருநாள் அவர் கண்டுபிடித்தால் பழி மகள் மீது விழும். அதைவிட, எல்லாம் தெரிந்துகொண்டு குறைந்த விலை பேசி வாங்குவது நிச்சயமாகக் கூடாது என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. அதனால் படங்களை வரிசையாக வைத்து, துப்பாக்கியையும் பிரித்து வைத்து, எதை எங்கே பார்த்தோம் என்று அவருக்கே காட்டினோம்.

அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றியது இல்லை. "அப்பா இதைச் செய்திருப்பாரா சார்?" என்றார். இல்லை என்று சும்மா ஆறுதல் சொல்ல எங்களுக்கு மனமில்லை, ஆதாரம் வேண்டும். குறிப்பேட்டில் வாங்கிய தேதியோடு ஒட்டியிருந்த பழைய படத்தில் சதுரக் காப்பும், அதே குழிந்த மேல்பட்டையும் தெளிவாகத் தெரிந்தன. அப்பாவின் கைக்கு வரும்போதே அது இப்படித்தான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் மகள் நிம்மதியாக உட்கார்ந்தார்.

பிறகு நடந்தவை

ஸ்குயர்பேக் விற்கப்படவில்லை. வட்டக் காப்பு ஒன்றைத் தேடிப் பொருத்தி, 1860களின் நேவியாக மீட்டு விற்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் அதை எதிர்த்தேன். எண்கள் அரைக்கப்பட்ட சட்டகத்தில் இன்னொரு காப்பைப் பொருத்தினால் அது இன்னொரு கலவையாகத்தான் இருக்கும், கூடவே இப்போதுள்ள தடயங்களும் அழிந்துவிடும். மகளும் ஒப்புக்கொண்டார். அதே பெட்டியில், எந்தப் பாகம் எந்தக் காலத்தது, எந்த எண் பின்னால் அடிக்கப்பட்டது என்ற விவரமும் உட்புறப் படங்களும் ஒரு தாளில் வைக்கப்பட்டன. அப்பாவின் குறிப்பேட்டில் பழைய வரியை அடிக்கவில்லை, அதற்குக் கீழே தேதியிட்டுப் புதிய வரி எழுதினார்கள்.

கீழ்த்தட்டில் கிடந்த அந்த இன்னொரு நேவியைப் பிறகு நிதானமாகப் பிரித்துப் பார்த்தோம். நீலப்பூச்சு ஏறக்குறைய முழுவதும் போய் வெளுத்த பழுப்பாக மாறியிருந்தது, நிப்பிள்களைச் சுற்றி நன்றாக அரித்திருந்தது, எதிரே சட்டகத்திலும் அதே குழிகள். பிடியின் மரம் ஒரு மூலையில் பிளந்திருந்தது. ஆனால் குழல், சட்டகம், காப்பு, அடிப்பட்டை, உருளை, அச்சு, ஏன் ஆப்பு வரைக்கும் ஒரே எண். முகவரியும் அந்த எண்ணுக்கு உரிய காலத்தோடு பொருந்தியது. ஆப்பு வரை கூடவே பிழைத்து வந்திருப்பது இந்த வகையில் உண்மையிலேயே அபூர்வம், வெளித்தோற்றத்தைப் பார்த்து யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாங்க வந்தவர் அதை வாங்கினார். எண்கள் பொருந்துகின்றன என்பதையும், பிடி பிளவையும், நிரம்பியிருந்து காலி செய்யப்பட்டது என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். துருவை உரசி எடுக்கவோ மறுபடி நீலப்பூச்சுப் போடவோ அவர் இடம் கொடுக்கவில்லை. மேலோட்டமான அழுக்கை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்துகிற நுண்படிக மெழுகை மெல்லிய பூச்சாகத் தடவி, ஈரப்பதம் குறைவான பூட்டிய அலமாரியில் வைத்திருக்கிறார். சுடும் எண்ணம் அவருக்குக் கிடையாது.

இனி மாறுபவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு வாங்கியவருடைய பார்வையிடும் வரிசையே மாறிவிட்டது. முன்பு எண், அப்புறம் தோற்றம், அப்புறம் மற்றவை. இப்போது அறைகளின் ஆழம் முதலில், பிறகு குழல் முகவரி, பிறகு துருவின் சோடி, பித்தளையின் இடுக்குகள், மரையின் அளவு, இத்தனையும் பார்த்த பிறகுதான் எண்கள். அதிலும் அச்சிலும் பிடியின் உள்ளேயும் உள்ளதை முதலில் படித்துக் குறித்துக்கொண்டு, வெளி எண்களைக் கடைசியில் பார்க்கிறார். பிரித்துப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அரிய வகைக்கான விலையைக் கொடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறார், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஸ்குயர்பேக் நேவி மட்டுமல்ல, உள்நாட்டுப் போரில் பிரிந்து நின்ற தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் தரப்பில் செய்த கிரிஸ்வோல்ட், லீச் அண்ட் ரிக்டன் போன்ற ரிவால்வர்கள் மிகக் குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டவை என்பதால் அவற்றிலும் இந்த வேலை நிறைய நடந்திருக்கிறது.

விற்பவர் தரப்பில் ஒரு மாற்றம் வேண்டும். சேகரிப்பவர் உயிரோடு இருக்கும்போதே ஒவ்வொரு துப்பாக்கியின் உட்புறப் படமும், வாங்கிய அன்று அது இருந்த நிலையும், யாரிடமிருந்து வந்தது என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். அந்த ஒரு பழைய படம் இல்லாமல் போயிருந்தால் மகளின் கேள்விக்கு எங்களிடம் பதில் இருந்திருக்காது. மகள் இப்போது மீதியுள்ள துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு பதிவேட்டைத் தயார் செய்துகொண்டிருக்கிறார், முதல் பத்தியில் ஒவ்வொன்றின் ஆறு அறைகளின் ஆழமும் எழுதப்படுகிறது.